ஆபீசுக்குப் போகும் காரே பந்தயக் கார்! "200" நம்பர் டயரால் அமெரிக்காவில் வந்த தகராறு

கார் பந்தயம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்?

பழைய சென்னைவாசிகளுக்குச் சோழவரம் ஞாபகம் வரும். யுத்த காலத்து விமான ஓடுதளம். வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கூட்டம் நிற்கும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்தபிறகு சோழவரம் ஓய்ந்துவிட்டது. இளவட்டங்களைக் கேட்டால், 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் நடந்த பார்முலா-4 பந்தயத்தைச் சொல்வார்கள். மூன்றரை கிலோ மீட்டர் ரோட்டை அடைத்து நடத்தினார்கள். அந்தக் காரில் நம்மைப் போன்றவர்கள் கை வைக்க முடியுமா? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். அவ்வளவுதான்.

ஆனால் அமெரிக்காவில் வேறு ஒரு பந்தயம் நடக்கிறது. திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகும் அதே காரில், ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டுகிறார்கள். ஓட்டுகிறவர் குமாஸ்தா, வாத்தியார், கடைக்காரர், கம்ப்யூட்டர் என்ஜினீயர் என்று யாராகவும் இருக்கலாம். வீட்டுக்காரியும் அதே காரில் தனியாகப் போட்டி போடலாம். இதற்கு "ஆட்டோகிராஸ்" என்று பெயர்.

(பிரிட்டனில் இதே பெயரைச் சொன்னால் வயல்வெளியில் புழுதி கிளப்பி ஓட்டும் வேறு பந்தயம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சாமானியனுக்காக ஏற்பட்ட இந்தப் போட்டியில் சாமானியன் இன்னும் ஜெயிக்க முடிகிறதா? இதுதான் இப்போது அங்கே நடக்கும் வாக்குவாதம். வாக்குவாதத்துக்கு நடுவில் நிற்பது ஒரு டயர்!

கோன் விழுந்தால் போச்சு!

முதலில் போட்டி என்னவென்று பார்ப்போம்.

பெரிய கார் நிறுத்தும் மைதானம், அல்லது பழைய விமான ஓடுதளம். அதில் ஆரஞ்சு நிறக் கோன்களை நூற்றுக்கணக்கில் வைத்து வளைந்து வளைந்து ஒரு பாதை போடுவார்கள். நம் ஊரில் போலீசார் ரோட்டில் வைக்கிறார்களே, அதே கோன்தான். போட்டிக்குப் போட்டி பாதை மாறும். நேற்றைய பாதையை மனப்பாடம் செய்து வைத்துப் பிரயோஜனம் இல்லை.

கார்களை ஒன்றோடு ஒன்று மோதவிடுவது கிடையாது. இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்புவார்கள். எதிரி கடிகாரம்தான். ஒரு ஓட்டம் அரை நிமிஷத்தில் இருந்து ஒரு நிமிஷம் வரை. நேரத்தை ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை குறிக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே ஓட்டம் முடிந்துவிடும். வேகம் மணிக்கு நூறு கிலோ மீட்டரைத் தொட்டால் அதிகம்.

"அட போய்யா, இது ஒரு பந்தயமா?" என்று கேட்டுவிடாதீர்கள். நூறு கிலோ மீட்டர் வேகத்தில் நேராகப் போவது வேறு. அதே வேகத்தில் வந்து, பிரேக் போட்டு, இரண்டு கோனுக்கு நடுவில் காரைச் சொருகுவது வேறு.

ஒவ்வொரு கோனைச் சுற்றியும் தரையில் கோடு போட்டிருப்பார்கள். கார் பட்டு கோன் சாய்ந்தாலோ, கோட்டை விட்டு வெளியே போனாலோ இரண்டு வினாடி அபராதம். பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. தேசியப் போட்டியில் முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் வித்தியாசம் கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. அங்கே இரண்டு வினாடி என்பது இரண்டு வருஷம் மாதிரி!

கோனை நிமிர்த்தி வைக்கக் கூலி ஆள் கிடையாது. ஒரு கூட்டம் ஓட்டும்போது இன்னொரு கூட்டம் வெயிலில் நின்று கோன் பொறுக்க வேண்டும். லட்சாதிபதியும் பொறுக்கத்தான் வேண்டும். உள்ளூர்ப் போட்டிக்குக் கட்டணம் ஐம்பது டாலர் அளவில்தான். ஹெல்மெட் இல்லாதவருக்கு இரவல் ஹெல்மெட் தரும் கிளப்புகளும் உண்டு.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

இந்தப் போட்டிகளை நடத்துவதில் பெரிய சங்கம் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆப் அமெரிக்கா. 1944-ல் ஆரம்பித்தது. ஆட்டோகிராசில் தேசியப் போட்டியை 1973 முதல் நடத்துகிறது. 2009 முதல் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரில் செப்டம்பர் மாதத்தில் நடக்கிறது. அதுவும் யுத்த காலத்து விமானத் தளம்தான், நம் சோழவரம் போல. ஆயிரம் பேருக்கு மேல் காரோடு வந்து குவிகிறார்கள். இரண்டு நாள், இரண்டு பாதை, பாதைக்கு மூன்று ஓட்டம். இரண்டு பாதையிலும் கிடைத்த சிறந்த நேரத்தைக் கூட்டி முடிவு சொல்வார்கள்.

கார்களைப் பல வகுப்பாகப் பிரிக்கிறார்கள். என்ஜினைப் பிரித்து மேய்ந்த கார்களுக்குத் தனி வகுப்பு உண்டு. நாம் பார்க்கப்போவது "ஸ்ட்ரீட்" வகுப்புகள். அதாவது ரோட்டில் ஓடும் கார், ஏறக்குறைய ஷோரூமில் இருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு மாஸ்டா கம்பெனியின் எம்.எக்ஸ்.-5 காரை எடுத்துக்கொள்வோம். அங்கே செல்லப்பெயர் "மியாட்டா". இரண்டு பேர் உட்காரும் சின்ன கார். இரண்டு லிட்டர் என்ஜின். எடை ஏறத்தாழ ஒரு டன். 2016 மாடலாக வந்த வண்டி "சி ஸ்ட்ரீட்" வகுப்பில் கொடி கட்டிப் பறந்தது.

இதை வாங்கியவர் போட்டிக்கு எப்படித் தயார் செய்கிறார்?

என்ஜினில் கை வைக்கக்கூடாது. ஏர் பில்டர் மாற்றலாம். பின்பக்கத்துப் புகைக்குழாய் மாற்றலாம். என்ஜினின் கம்ப்யூட்டரில் கை வைத்து சக்தியைக் கூட்டினால் வகுப்பை விட்டே வெளியே போக வேண்டியதுதான். ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தக்கூடாது. சீட்டைக் கழற்றி எடையைக் குறைக்கக்கூடாது. ஆனால் ஸ்டெப்னியும் ஜாக்கியும் உள்ள கார் என்றால் அவற்றை இறக்கி வைக்கலாம். அதில் கொஞ்சம் எடை மிச்சம்.

ரிம்? அகலம் கம்பெனி கொடுத்ததுதான். இந்தக் காருக்கு ஏழு அங்குலம். விட்டம் மட்டும் ஓர் அங்குலம் கூடலாம், குறையலாம். ஆகவே எடை குறைந்த ரிம்மைத் தேடி அலைகிறார்கள். பிரேக் பேட் இஷ்டம்போல் மாற்றலாம்.

அடுத்தது "ஸ்வே பார்". படிக்கட்டில் கூட்டம் தொங்க, டவுன் பஸ் ஒரு முனையில் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்கிறதே, பார்த்திருப்பீர்கள். காரும் அப்படித்தான் சாயும். அந்தச் சாய்வைத் தடுக்க இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் சேர்த்து ஓர் இரும்புத் தண்டு இருக்கும். அதுதான் ஸ்வே பார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றலாம் என்பது சட்டம். மியாட்டாக்காரர்கள் பெரும்பாலும் முன்பக்கத்தில் தடித்த தண்டு போடுகிறார்கள்.

பிறகு அலைன்மென்ட். காசு அதிகம் செலவில்லாமல் பலன் தரும் வேலை இது. நம்ம ஊர் மெக்கானிக் "சக்கரம் நேரா நிக்கணும் சார்" என்பார். இவர்கள் நேராக நிற்க விடுவதில்லை. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும்படி முறுக்குகிறார்கள். கார் வளைவில் சாயும்போது டயர் முழுவதும் தரையில் படிய வேண்டும், வெளி ஓரத்தில் மட்டும் நிற்கக்கூடாது என்பதுதான் கணக்கு. ஆனால் கம்பெனி எவ்வளவு திருப்ப இடம் கொடுத்ததோ அவ்வளவுதான். அதற்கு மேல் போகக்கூடாது.

காற்று? அதற்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்தில் சாக்பீசால் கோடு இழுத்துவிட்டு ஒரு ஓட்டம் ஓட்டுவார்கள். எதுவரைக்கும் அழிந்திருக்கிறது என்று குனிந்து பார்ப்பார்கள். ரொம்பக் கீழே வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. கோடு அழியவே இல்லையா, காற்று ஜாஸ்தி.

இதுவரை எல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. சண்டை இனிமேல்தான்!

டயர் யுத்தம்

2013 வரை இந்த வகுப்புகளுக்கு "ஸ்டாக்" என்று பெயர். அப்போது பந்தய டயர் போடலாம். ரோட்டில் ஓட்டச் சட்டப்படி அனுமதி இருக்கும், ஆனால் ரோட்டுக்கு லாயக்கில்லாத ரப்பர். மெத்தென்று ஒட்டும். சீக்கிரம் தேயும். ஆகவே என்ன செய்தார்கள்? போட்டிக்கு என்று தனியாக நாலு டயர். அதைக் காருக்குப் பின்னால் சின்ன டிரெய்லரில் கட்டி இழுத்துக்கொண்டு வருவது, மைதானத்தில் ஜாக்கி வைத்து மாற்றுவது, சாயந்திரம் மறுபடி மாற்றிக்கொண்டு வீடு போவது. ரோட்டுக் காருக்கான வகுப்பில் ரோட்டு டயர் இல்லை!

இது கேலிக்கூத்தாக இருக்கிறது என்று சங்கம் 2014-ல் பெயரையே "ஸ்ட்ரீட்" என்று மாற்றியது. டயரின் தேய்மான எண்ணுக்கும் கட்டுப்பாடு போட்டது. அந்த எண் 200-க்குக் குறையக்கூடாது என்ற நிலைமைக்கு அடுத்தபடியாக வந்து சேர்ந்தார்கள்.

அது என்ன 200?

அமெரிக்காவில் விற்கும் கார் டயரின் பக்கத்தில் ஓர் எண் பொறித்திருக்கும். டயர் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு அடையாளம். டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஆஞ்சலோ என்ற ஊரைச் சுற்றி 400 மைல் ரோட்டில் கார்களை வரிசையாக ஓட்டுகிறார்கள். மொத்தம் 7,200 மைல், அதாவது ஏறத்தாழ 11,500 கிலோ மீட்டர். கூடவே அளவுகோலாக ஒரு டயரும் ஓடும். அதன் தேய்மானத்தை 100 என்று வைத்தால், இரண்டு மடங்கு உழைக்கும் டயருக்கு 200.

இங்கேதான் ஓட்டை! அந்த எண்ணைப் போடுவது யார்? சர்க்கார் அல்ல, டயர் கம்பெனியே. சர்க்கார் பிறகு சோதித்துப் பார்க்கலாம். இன்னொன்று, எண் சொல்வது உழைப்பை மட்டும்தான். டயர் எவ்வளவு ஒட்டும் என்பதை அது சொல்வதே இல்லை.

டயர் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நெப்ராஸ்காவில் ஜெயித்த டயர் என்றால் நாடு பூராவும் விற்கும். ஜெயித்தவருக்கு அன்பளிப்புக் கொடுத்துக்கூட விளம்பரம் தேடுகிறார்கள். அந்தத் தேசியப் போட்டிக்கே நெடுங்காலமாகப் பெயர் கொடுத்து நிற்பது ஒரு டயர் வியாபாரக் கம்பெனிதான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

பி.எப். குட்ரிச் "ரைவல்" என்ற டயரை இறக்கியது. பிரிட்ஜ்ஸ்டோன் "ஆர்.ஈ.-71ஆர்" என்று பதில் கொடுத்தது. யோகோஹாமா "ஏ-052" வந்தது. எல்லாவற்றிலும் எண் 200. சட்டப்படி எல்லாம் ரோட்டு டயர். ஆனால் ஒட்டுகிற ஒட்டலைப் பார்த்தால் பழைய பந்தய டயருக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. இந்த ஜாதி டயர்களுக்கு "சூப்பர் 200" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

விளைவு? போன வருஷத்து டயர் இந்த வருஷம் செல்லாக்காசு. புது டயர் நாலும் சேர்த்து ஆயிரம் டாலர் அளவில் ஆகிறது. நம் கணக்கில் எண்பதாயிரம் ரூபாய்க்கு மேல். நாடு முழுவதும் சுற்றிப் போட்டி போடுகிறவருக்கு ஒரு செட் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் அதிர்ஷ்டம்.

இப்போது சங்கத்துக்குள் இரண்டு கட்சி. "எண்ணை இன்னும் ஏற்று, டயர் கெட்டியாகும், செலவு குறையும்" என்பது ஒரு கட்சி. "எண்ணை எவ்வளவு ஏற்றினாலும் கம்பெனிக்காரன் அதற்கும் ஒரு டயர் செய்வான், வீண் வேலை" என்பது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வதில் விஷயம் இருக்கிறது என்பது நம் அபிப்பிராயம். கம்பெனி தானே மார்க் போட்டுக்கொள்ளும் பரீட்சையில், பாஸ் மார்க்கை உயர்த்தி என்ன ஆகப்போகிறது?

அதற்காக 2014-ல் செய்தது தப்பு என்றும் சொல்ல முடியாது. டிரெய்லர் போயிற்று. மைதானத்தில் டயர் கழற்றும் வேலை பலருக்குப் போயிற்று. அந்த அளவுக்கு ரோட்டுக் கார் ரோட்டுக் காராகத் திரும்பி வந்திருக்கிறது. விலைதான் இறங்கவில்லை.

ஜன்னல் வழியாக வந்த பணம்

டயரைப் பற்றி இவ்வளவு கூச்சல் போடுகிறவர்கள், ஷாக் அப்சர்பரைப் பற்றி வாய் திறப்பது குறைவு. ஏன் என்று தெரியவில்லை.

ஸ்பிரிங்கைத் தொடாதே என்ற சட்டம், ஷாக்கை மாற்றிக்கொள் என்கிறது. அதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஷாக் தேயும் சாமான். எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அதன் வயிற்றுக்குள் என்ன வால்வு இருக்கிறது என்று மைதானத்தில் பிரித்தா பார்க்க முடியும்? வெளியே இரண்டு திருகுக்கு மேல் இருக்கக்கூடாது என்று மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு திருகு உள்ள நல்ல ஷாக் செட் விலை ஆயிரக்கணக்கான டாலர்! கதவைச் சாத்தினால் பணம் ஜன்னல் வழியாக வருகிறது.

அதைவிடப் பெரிய ஜன்னல் கார்தான். ஒரு வகுப்பில் பத்து மாதிரிக் கார் இருந்தாலும், கோனுக்கு நடுவில் நெளிய ஏதாவது ஒன்று மற்றதை மிஞ்சிவிடும். பிறகு ஜெயிக்க நினைக்கிறவன் எல்லாம் அதையே வாங்குகிறான். அந்தக் காரிலும் எல்லாமே ஒன்றல்ல. எம்.எக்ஸ்.-5 காரில் "கிளப்" என்ற ரகம் வாங்கினால், வளைவில் ஒரு சக்கரம் வீணாகச் சுற்றாமல் தடுக்கும் டிபரன்ஷியல் கம்பெனியிலேயே கிடைக்கும். சாதா ரகம் வாங்கியவர் அதைப் பிறகு வாங்கி மாட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தராது. ஷோரூமில் கையெழுத்துப் போடும்போதே பாதிப் போட்டி முடிந்துவிடுகிறது!

கார் கம்பெனிகளுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் பாண்டியாக் சோல்ஸ்டிஸ் காரில் "இசட்-0-கே" என்று ஒரு ரகம் வைத்தது. ஸ்பிரிங், ஸ்வே பார் எல்லாம் இந்த மாதிரிப் போட்டிக்கென்றே கெட்டியாகச் செய்தது. வாங்கியவர்கள் மிகக் கொஞ்சம் பேர். சட்டத்தின் பார்வையில் அதுவும் "ஷோரூம் கார்"!

சில வருஷத்துக்கு ஒரு முறை சங்கம் கார்களை வகுப்பு மாற்றும். அன்றைக்கு நேற்றைய ராஜா கார் இன்றைக்குக் கடைசி வரிசையில் நிற்கும். அதை விற்றுவிட்டு அடுத்த ராஜாவைத் தேட வசதி உள்ளவர் தேடுவார். மாதத் தவணை கட்டுகிறவர் என்ன செய்வார்? அதே காரில் வந்து நாலாவதோ ஐந்தாவதோ வருவார்.

நடந்து பார்க்கிறவர்களும் பார்க்காதவர்களும்

இவ்வளவும் சொன்னபிறகு, பணம் இருந்தால் ஜெயித்துவிடலாம் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை.

காலையில் பாதை போட்டதும், போட்டியாளர்கள் நடந்தே சுற்றிப் பார்க்கிறார்கள். புதிதாக வந்தவர் ஒரு சுற்று நடந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அனுபவசாலி நாலு சுற்று, ஐந்து சுற்று நடப்பார். ஒரு இடத்தில் குனிந்து, உட்கார்ந்து, காரில் இருந்து பார்த்தால் அடுத்த கோன் எப்படித் தெரியும் என்று பார்ப்பார். தரையில் ஒட்டுப்போட்ட இடம், சரளைக்கல் கிடக்கும் இடம் எல்லாம் மனதில் ஏறும்.

புது ஆளின் ஷோரூம் காரை எடுத்து ஓர் அனுபவசாலி ஓட்டினால், அதே டயரில், அதே காற்றில், பல வினாடி குறைகிறது. ஆயிரக்கணக்கான டாலர் ஷாக் கொடுப்பது பத்தில் சில பங்கு வினாடி. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் புது ஆளுக்குச் சொல்லும் யோசனை இதுதான்: முதல் வருஷம் காரில் எதையும் மாற்றாதே. பிரேக் ஆயிலை மாற்று, காற்றைப் பார், ஓட்டிப் பழகு. பழைய கை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். கேட்கிறவர்கள் குறைவு. பெட்டி பெட்டியாகச் சாமான் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நேரம் குறிக்கும் போட்டியில் கார் சேதமானால் இன்சூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் கையை விரித்துவிடும். எதிரே கார் வராது, மோதுவதற்குச் சுவர் கிடையாது, கோன் பட்டால் பம்பரில் கீறல், அவ்வளவுதான் என்கிறார்கள். உண்மைதான். இருந்தாலும் வீட்டில் ஒரே கார் என்றால் மனசு அடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

ஓட்டத்துக்கு முன் காரைப் பரிசோதிக்கிறார்கள். சக்கர நட்டு இறுகியிருக்கிறதா? பேட்டரி ஆடுகிறதா? பிரேக் பெடல் கல் மாதிரி நிற்கிறதா? எங்காவது எண்ணெய் ஒழுகுகிறதா? உள்ளே கால்மிதி, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மை ஒன்றும் இருக்கக்கூடாது. இத்தனையும் மைதானத்து ஓரத்தில் தார்ப்பாய் விரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். பார்த்தால் வீடு மாற்றுகிற மாதிரி இருக்கும்.

கணவனும் மனைவியும் ஒரே காரை ஓட்டினால் டயர் ஆறுவதற்கு நேரம் இருக்காது. சூடேறிய ரப்பர் வழுக்க ஆரம்பிக்கும். பூச்செடிக்கு மருந்தடிக்கும் பம்பை வைத்துக்கொண்டு ஒருவர் நாலு டயருக்கும் தண்ணீர் தெளிக்க, இன்னொருவர் ஹெல்மெட்டோடு சீட்டில் ஏறுவார்.

சாயந்திரம் கதவில் ஒட்டிய நம்பரை உரித்து எடுக்கிறார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி உள்ளே போகிறது. குழந்தையின் பொம்மையும் போகிறது. கிளம்புவதற்கு முன் காரைச் சுற்றி வந்து, முன் டயரின் வெளி ஓரத்தில் கட்டை விரலை வைத்துத் தடவிப் பார்க்கிறார் கார்க்காரர். அடுத்த போட்டிக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் பதினைந்து நாள் ஆபீசுக்கும் இதே டயர்தான் ஓட வேண்டும்.